பண்டிகைக்கால ஷோகேஸ்: விளக்கைக் கூட்டினால் போதுமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் மதுரை மாசி வீதிகளில் கடைகளின் ஷோகேஸ்களுக்குப் புதுக்களை வந்துவிடும். சீரியல் லைட், தெர்மாகோல் தோரணம், கண்ணாடி முழுக்கத் தள்ளுபடி ஸ்டிக்கர். "நல்லா பளிச்சுனு இருக்கணும்ப்பா" என்று கடை முதலாளி சொல்வார். அலங்காரம் செய்பவரும் விளக்கைக் கூட்டிக்கொண்டே போவார். இரவில் தெரு அழகாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாள் பகல் 11 மணிக்கு அதே ஷோகேஸ் முன்னால் நின்று பாருங்கள். எதிர்க்கடையின் போர்டும், போகிற ஆட்டோவும், நம் முகமும் தெரியும். உள்ளே இருக்கும் சேலை தெரியாது.

விளக்கு போதவில்லை என்று நினைத்து இன்னும் நாலு விளக்கு மாட்டுவார்கள். அப்போதும் தெரியாது. ஷோகேஸ் வேலை செய்வது வெளிச்ச வேறுபாட்டால். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு, பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு, இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் பாதிச் செலவில் இருமடங்கு தெரியும்படி வைக்கலாம்.

ராத்திரி பஸ்ஸின் ஜன்னல்

மாட்டுத்தாவணியில் ராத்திரி ஏசி பஸ் ஏறி, உள்ளே விளக்கு எரியும்போது ஜன்னல் பக்கம் திரும்பினால் நம் முகம்தான் தெரியும். டிரைவர் விளக்கை அணைத்ததும் வயலும் தென்னையும் தெரிய ஆரம்பிக்கும். கண்ணாடி மாறவில்லை. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ, அந்தப் பக்கத்தின் பிம்பம்தான் கண்ணாடியில் ஜெயிக்கும்.

ஷோகேஸிலும் இதே கதைதான், உள்ளும் வெளியும் மட்டும் இடம் மாறியிருக்கும். பார்ப்பவர் வெயிலில் நிற்கிறார், பொருள் நிழலில் இருக்கிறது. அதனால் பகலில் அவருக்குத் தெரிவது அவர் முகம். இரவில் தெரு இருட்டாகி உள்ளே விளக்கு எரிகிறது, பொருள் தெரிகிறது. இரவில் ஷோகேஸ் நன்றாக இருப்பதற்குக் காரணம் சீரியல் லைட் அல்ல, சூரியன் மறைந்ததுதான்.

கண்ணாடி திருப்பி அனுப்பும் 8 சதவீதம்

சாதாரணக் கண்ணாடி தன் மேல் விழும் வெளிச்சத்தில் முன்பரப்பில் சுமார் 4 சதவீதத்தையும் பின்பரப்பில் சுமார் 4 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும். மொத்தம் 8. கேட்க அற்பமாக இருக்கும். கணக்குப் போட்டால்தான் அதன் பலம் தெரியும்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு பரப்பின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதற்கான அளவு அது. நன்றாக விளக்குப் போட்ட ஷோகேஸில் சுமார் 1,000 லக்ஸ் இருக்கும். வெயில் அடிக்கும் எதிர்ச்சுவரில் 50,000 லக்ஸ் இருக்கலாம்.

எதிர்ச்சுவர் வெள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுந்ததில் 80 சதவீதத்தை அது திருப்பிவிடும், அதாவது 40,000. அதில் 8 சதவீதம் கண்ணாடியில் பட்டு நம் கண்ணுக்கு வருகிறது: 3,200. உள்ளே ஒரு மெரூன் சேலை. அடர்நிறத் துணி விழுந்த 1,000 லக்ஸில் 15 சதவீதத்தைத்தான் திருப்பும்: 150. 3,200-க்கும் 150-க்கும் நடக்கும் போட்டியில் சேலை எப்படி ஜெயிக்கும்? விளக்கை இரண்டு மடங்காக்கினாலும் 300-தான். மின்கட்டணம் ஏறும், சேலை தெரியாது.

இப்போது எதிர்ச்சுவர் நிழலில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம், 8,000 லக்ஸ். கண்ணாடியில் வரும் பிம்பம் சுமார் 500. மெரூன் சேலை அப்போதும் தோற்கும். ஆனால் சந்தன நிறச் சேலை 70 சதவீதத்தைத் திருப்பும். கண்ணாடியைத் தாண்டி வருவதில் கொஞ்சம் கழிந்தாலும் 600-க்கு மேல் நிற்கும். அது ஜெயித்துவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் பைசாச் செலவில்லாதது. பகலில் கண்ணாடிக்குப் பக்கத்தில் வெளிர்நிறப் பொருள், பின்பலகையும் வெளிர்நிறம். கருநீல வெல்வெட்டும் கறுப்புத் திரையும் இரவுக்குத்தான். தெற்கு ஆவணி மூல வீதி போன்ற நகைக்கடைத் தெருவில் பின்னால் கருநீல வெல்வெட் விரித்த ஷோகேஸைப் பகலில் கவனித்தால் இது விளங்கும். இரவில் தங்கம் துள்ளி நிற்கும். பகலில் அந்த வெல்வெட்டே முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும், கண்ணாடிக்குப் பின்னால் ரசம் பூசினது மாதிரி.

*இதுவரை:* பகலில் ஷோகேஸின் எதிரி எதிர்ப்பக்க வெயில். விளக்கைக் கூட்டி அதை வெல்ல முடியாது. வெளிர்நிறத்தாலும் நிழலாலும்தான் சமாளிக்க வேண்டும்.

வெயில் எந்தப் பக்கம்?

மதுரையின் வீதிகள் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்தவை. அதனால் எந்தக் கடை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைத் தெருப்பெயரை வைத்தே சொல்லிவிடலாம். தெற்கு மாசி வீதியும் வடக்கு மாசி வீதியும் ஏறக்குறையக் கிழக்கு மேற்காக ஓடுபவை. அங்குள்ள கடைகள் வடக்கு அல்லது தெற்கு பார்த்தவை. கீழ மாசி, மேல மாசியில் கடைகள் கிழக்கு அல்லது மேற்கு பார்த்தவை.

சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரையில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கும். தீபாவளி சமயத்தில் அப்படியல்ல. நவம்பர் முதல் வாரத்தில் நண்பகலில் அது தெற்கே சுமார் 25 டிகிரி சாய்ந்திருக்கும். பொங்கல் சமயத்தில் 30 டிகிரிக்கும் மேல். ஆகவே பண்டிகைக் காலத்தில் தெற்கு பார்த்த கடையின் ஷோகேஸுக்குள் வெயில் நேராக நுழையும். வடக்கு பார்த்த கடைக்கு வெயில் வராது. ஆனால் அதன் எதிர்ச்சாரி முழுக்க வெயிலில் பளபளக்கும், அந்தப் பளபளப்பு முழுவதும் இவர் கண்ணாடியில் விழும்.

ஆக, தெற்கு பார்த்த கடைக்குச் சாயம் போவதுதான் பிரச்சினை, வடக்கு பார்த்த கடைக்குப் பிம்பம்தான் பிரச்சினை. ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு கடைகளுக்கு ஒரே யோசனை பொருந்தாது. மேற்கு பார்த்த கடைக்கு மாலை 4 முதல் 6 வரை இரண்டும் சேர்ந்து வரும். முகத்துக்கு நேராகச் சாய்வெயில் அடிக்கும்போது எந்த ஷோகேஸும் எடுபடாது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சாய்வுத் திரையை இறக்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

வடக்கு பார்த்த கடைக்காரர் செய்யக்கூடியது: பின்பலகையை வெளிர்நிறமாக்கி அதன் மேலும் விளக்கு விழச் செய்வது. புதிதாகக் கண்ணாடி போடுவதாக இருந்தால், மேல்விளிம்பு தெருப்பக்கம் சற்றே முன்சாய்ந்திருக்கும்படி அமைக்கச் சொல்லலாம். அப்போது அதில் எதிர்ச்சுவருக்குப் பதிலாகத் தெருத்தரை தெரியும். தார்ச்சாலை வெள்ளைச்சுவரைவிடப் பலமடங்கு கறுப்பு. பதப்படுத்திய டஃபன்டு கண்ணாடி என்றால் துளை, வெட்டு எல்லாவற்றையும் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு துளை போட்டால் முழுப் பலகையும் பொடிப்பொடியாக நொறுங்கும்.

தெற்கு பார்த்தவர் மேலே 3 அடி நீளும் சாய்ப்போ துணிப்பந்தலோ போட வேண்டும். அதோடு துணியை வாரம் ஒரு முறையாவது மாற்ற வேண்டும். கண்ணாடி புறஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும், கண்ணுக்குத் தெரியும் வெயிலே சாயத்தை வெளுக்க வைக்கும். மடிப்பின் மேல்பகுதி மட்டும் வெளுத்துக் கோடு விழுந்த சேலையை எந்தத் தள்ளுபடியிலும் விற்க முடியாது.

கருவறையும் கற்பூர ஆரத்தியும்

இரண்டாவது வேறுபாடு, பொருளுக்கும் அதைச் சுற்றியிருப்பதற்கும் இடையில் உள்ளது. இதற்கு ஆயிரம் ஆண்டுப் பாடம் நம் கோயில்களிலேயே இருக்கிறது. வெயிலிலிருந்து மண்டபத்துக்குள் வந்து, இன்னும் மங்கிய மண்டபங்களைத் தாண்டிக் கருவறை முன் நிற்கும்போது ஓர் எண்ணெய்விளக்கு போதும், கண் அங்கேதான் போகும். கற்பூரத்தட்டு உயரும்போது முகம் மட்டும் மின்னும். அங்கே விளக்குகளின் எண்ணிக்கை பெரிதல்ல. சுற்றிலும் இருள் காத்திருப்பதுதான் பெரிது.

ஷோகேஸில் முக்கியப் பொருளின் மேல் விழும் வெளிச்சம், சுற்றியிருப்பதைப் போல 5 மடங்கு இருந்தால் கண் தானாக அங்கே போகும். 2 மடங்கு என்றால் வேறுபாடே தெரியாது. ஃபோனில் லக்ஸ் அளக்கும் செயலி துல்லியமாக இருக்காதுதான், ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிட அது போதும். சுற்றிலும் 200, சேலை மேல் 1,000 என்று காட்டினால் சரி. சீரியல் லைட் ஷோகேஸின் நான்கு ஓரத்திலும் மின்னிக்கொண்டிருந்தால் இந்த வேறுபாடு செத்துவிடும். ஓடும் விளக்கு கண்ணைச் சட்டத்துக்கு இழுக்கும், பொருளுக்கு இழுக்காது. சீரியல் லைட்டைக் கடையின் முகப்பில், போர்டுக்கு மேலே போடுங்கள். தூரத்திலிருந்து கூப்பிட அதுதான் சரியான ஆள். ஷோகேஸுக்குள் அதற்கு வேலையில்லை.

உள்ளே வேலை செய்ய வேண்டியது ஃபோகஸ் லைட். அதன் வெளிச்சம் எவ்வளவு விரிகிறது என்பதை விரிகோணம் என்பார்கள், பெட்டியில் டிகிரியில் அச்சிட்டிருக்கும். 6 அடி தூரத்தில் 15 டிகிரி விளக்கு சுமார் ஒன்றரை அடி வட்டம் போடும். 24 டிகிரி இரண்டரை அடி. 36 டிகிரி கிட்டத்தட்ட 4 அடி. நகைக்கு 15, சேலை கட்டிய பொம்மைக்கு 24, பின்பலகைக்கு 36. கடையில் "ஃபோகஸ் லைட் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள், டிகிரியைச் சொல்லிக் கேளுங்கள்.

எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம்?

இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆனால் துணிக்கடைக்கு இதுதான் உயிர்.

மதுரைச் சுங்குடியை எடுத்துக்கொள்வோம். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் நனைப்பார்கள். முடிச்சைப் பிரித்ததும் சாயம் ஏறாத புள்ளி வெள்ளையாக நிற்கும். அந்த இடத்தில் துணி சற்றே சுருங்கி, விரலால் தடவினால் தட்டுப்படும் சின்ன மேடாக இருக்கும். அச்சடித்த புள்ளியில் அந்த மேடு இராது. கைமுடிச்சின் விலைக்கு நியாயம் சொல்வதே அந்த மேடுதான்.

விளக்கை நேர் முன்னாலிருந்து அடித்தால் மேடு மறைந்துவிடும், முடிச்சும் அச்சும் ஒன்றுபோலத் தெரியும். பக்கவாட்டிலிருந்து, துணியைத் தடவிக்கொண்டு போவது மாதிரி சாய்த்து அடித்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு குட்டி நிழல் விழும். நிழல் விழுந்ததும் சேலை முழுக்க உயிர் வரும். அதே விளக்கு, அதே வாட். இடம் மட்டும் இரண்டு அடி தள்ளிப்போயிருக்கிறது.

பட்டின் சரிகை வேறு மாதிரி. அது கண்ணாடி போலத் திருப்பி அடிக்கும், பார்ப்பவரின் கண்ணுக்கு அந்தத் திருப்பம் வந்தால்தான் மின்னும். விளக்கைக் கையில் பிடித்து மேலும் கீழுமாக நகர்த்தச் சொல்லிவிட்டு, தெருவில் நின்று பார்த்து, மின்னும் இடத்தில் "அங்கேயே வை" என்று நிறுத்துவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

நிறத்துக்கு இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். முதலாவது கெல்வின், விளக்கின் சாயலைச் சொல்வது. 3,000 மஞ்சள் கலந்தது, 4,000 நடுத்தரம், 6,500 நீலம் கலந்த வெள்ளை. தங்கத்துக்கும் பட்டுக்கும் 3,000. வெள்ளிக்கும் வெள்ளை வேட்டிக்கும் 4,000. பளிச்சென்று இருக்கிறதே என்று 6,500 போட்டால் தங்கம் வெளிறிப்போய்ப் பித்தளை மாதிரி நிற்கும். இரண்டாவது சிஆர்ஐ, நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு 100-க்கு இடும் மதிப்பெண். மலிவு விளக்கில் 80 அல்லது அதற்கும் கீழே இருக்கும். துணிக்கு 90-க்குக் குறையக் கூடாது. சேலையைக் கையில் எடுத்த அம்மா "வாசல்ல வெளிச்சத்துல பாத்துக்கட்டுமா?" என்று கேட்கிறார் என்றால், அந்தக் கடை விளக்கின் சிஆர்ஐ-யை அவர் நம்பவில்லை என்று அர்த்தம்.

*இதுவரை:* ஒரே ஒரு இடம் 5 மடங்கு பிரகாசம், சரியான விரிகோணம், துணிக்கேற்ற திசை, 3,000 அல்லது 4,000 கெல்வின், சிஆர்ஐ 90.

தலைகளுக்கு மேலே

பெரியவர்களின் கண் உயரம் தரையிலிருந்து சுமார் 5 அடி. சாதாரண நாளில் முக்கியப் பொருளின் நடுப்பகுதி 4 முதல் 5 அடி உயரத்தில் இருக்கட்டும். ஆனால் தீபாவளிக்கு முந்தைய கடைசி ஞாயிறு, விளக்குத்தூண் பக்கம் என்றால் கணக்கே வேறு. ஷோகேஸுக்கு முன்னால் தரைக்கடை, அதற்கு முன்னால் நாலு வரிசை மனிதத்தலை. தெரு நடுவில் போகிறவருக்கு உங்கள் கண்ணாடியின் கீழ் 5 அடி இல்லாதது மாதிரிதான். அந்த வாரத்துக்கு மட்டும் முக்கியப் பொருளை ஐந்தரை அடிக்கு மேல் தூக்குங்கள். பொம்மைக்குக் கீழே ஒரு அடி மேடை சேர்த்தாலும் போதும், முந்தானையை மேலிருந்து இறக்கிவிட்டாலும் போதும்.

கண்ணாடியில் ஒட்டும் எழுத்துக்கும் இதே உயரம்தான். பொதுவாக 10 அடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்து என்பார்கள். தமிழுக்கு அதைவிடக் கூடுதலாக வையுங்கள், அதோடு தடித்த எழுத்துருவைத் தவிருங்கள். ண, ஞ போன்றவற்றின் சுழிகள் தடித்த எழுத்தில் அடைபட்டு, தூரத்திலிருந்து வெறும் கறுப்புத் திட்டாகத் தெரியும்.

கொலுப்படி சொல்லும் ஒழுங்கு

எதை எங்கே வைப்பது என்பதற்கு நவராத்திரிக் கொலுவைவிட நல்ல உதாரணம் இல்லை. படி ஒற்றைப்படை. பெரிய பொம்மைகள் மேலே, சிறியவை கீழே. கண் உச்சியில் ஆரம்பித்து இரு பக்கமும் இறங்கும். ஷோகேஸிலும் மூன்று அல்லது ஐந்து பொருள், உயரம் ஒன்றுக்கொன்று மாறி ஒரு முக்கோணமாக அமையட்டும், உச்சி நடுவிலிருந்து சற்றே விலகியிருக்கட்டும்.

எல்லாச் சரக்கையும் தொங்கவிட வேண்டுமா என்று கேட்பார்கள். நிறையத் தொங்கினால் "இங்கே விலை குறைவு" என்று தெருவுக்குத் தோன்றும், வெற்றிடம் விட்டால் "உயர்ந்த சரக்கு" என்று தோன்றும். இரண்டும் தப்பில்லை. ரெடிமேட் கடை நிறையத் தொங்கவிடலாம், ஆனால் நிறவாரியாக. பட்டுக்கடை அப்படிச் செய்தால் தன் விலையைத் தானே குறைத்துக்கொள்கிறது.

8 அடி ஷோகேஸ் ஒன்று

அகலம் 8 அடி, உயரம் 8 அடி, ஆழம் 3 அடி. வடக்கு பார்த்த கடை, தீபாவளிக்குச் சுங்குடி.

பின்பலகைக்கு 12 மில்லிமீட்டர் ப்ளைவுட், சந்தன நிற மேட் பெயின்ட். பளபளப்புப் பெயின்ட் கூடாது, அதில் விளக்கே பிம்பமாகத் தெரியும். பலகை கூரைவரை போய்ப் பக்கங்களும் மூடியிருக்கட்டும், காரணம் பின்னால் வருகிறது. தரைமேடை ஒன்றரை அடி. அதன் மேல் ஒன்றரை, இரண்டரை அடியில் இரண்டு பெட்டிமேடைகள்.

சேலை மூன்று: பொம்மைக்கு ஒன்று, மேலிருந்து விரித்துத் தொங்க ஒன்று, மேடையில் மடித்து ஒன்று. தொங்கும் சேலைக்கு மேலே மரச்சட்டம். நைலான் நரம்பில் கட்டுவதாக இருந்தால் குறைந்தது மூன்று இடத்தில் கட்டுங்கள். இரண்டே இடம் என்றால் ஒரே நாளில் நடுவில் தொய்ந்துவிடும். மடிப்புகளுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் குண்டூசி மட்டும். சாதாரண ஊசி மழைக்காலக் காற்றில் ஒரே வாரத்தில் துருவேறித் துணியில் காவிப்புள்ளி வைத்துவிடும், அது போகாது.

விளக்கு: பொம்மைக்கு 24 டிகிரி இரண்டு, இடமும் வலமும் மேலிருந்து சாய்வாக. தொங்கும் சேலைக்குப் பக்கச்சுவரிலிருந்து தடவும் விளக்கு ஒன்று. பின்பலகைக்கு 36 டிகிரி இரண்டு, தனி சுவிட்சில். பகலில் பின்பலகை விளக்கு எரியட்டும், மாலை 6 மணிக்கு மேல் அணைத்துவிடுங்கள், வேறுபாடு தானாகக் கூடும். ஒவ்வொன்றும் 10 வாட் எல்இடி என்றால் மொத்தமே 50 வாட். பழைய ஹாலஜன் விளக்கு இன்னும் இருந்தால் கழற்றிவிடுங்கள். தெர்மாகோலுக்கும் காகிதத்துக்கும் பக்கத்தில் அது நெருப்புக்குக் காத்திருக்கும் அடுப்பு.

பூ வேண்டும் என்றால் செண்டுமல்லி. மதுரை மல்லி ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் விளக்கடியில் மாலையில் கட்டிய சரம் மறுநாள் காலை பழுப்பேறி நிற்கும். அதை வாசலில் உருளித் தண்ணீரில் வையுங்கள். அலங்காரத்துக்குச் சின்னப் பொம்மைகள் வேண்டுமென்றால் பக்கத்திலேயே விளாச்சேரி இருக்கிறது. கொலுவுக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் அங்கே செய்கிறார்கள்.

மழையில் வரும் வினைகள்

தீபாவளி வடகிழக்குப் பருவமழையோடு வருவது. மழை விட்ட மாலையில் சில ஏசி கடைகளின் ஷோகேஸ் வெளிப்பக்கம் புகைமூட்டம் போல மங்கிவிடும். துடைத்தால் ஐந்து நிமிடத்தில் திரும்ப மங்கும். செம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே வியர்க்குமே, அதேதான். காற்றில் உள்ள ஈரம் எந்தக் குளிர்ச்சியில் நீராக மாறுமோ அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். மழை விட்டதும் 27 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை சுமார் 24 டிகிரி. ஏசி காற்று நேராகக் கண்ணாடியில் அடித்து அதை 24-க்குக் கீழே இறக்கினால் வெளிப்பக்கம் வியர்க்கும். துடைப்பானைத் தேடாமல் ஏசியின் வாயைத் திருப்புங்கள். பின்பலகை கூரைவரை மூடியிருந்தால் குளிர்காற்று ஷோகேஸுக்குள்ளேயே வராது.

மின்சாரத்தில் ஆபத்து வாட்டில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. 6 ஆம்பியர் பிளக் 1,300 வாட்டுக்கு மேல் தாங்கும், 50 வாட் அதற்கு ஒன்றுமில்லை. ஆனால் வயரை முறுக்கி டேப் சுற்றிய இடத்தில் சாரல் பட்டால் போதும். வெளியே போடும் சீரியல் லைட்டில் ஐபி65 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், தூசும் நீர்வீச்சும் புகாது என்பதற்கான குறி அது. அந்த வரிசைக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்ட கணத்தில் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. எல்இடி அடாப்டர்களைத் துணிக்கடியிலோ தெர்மாகோலுக்குப் பின்னாலோ ஒளிக்காதீர்கள். அவை சுடும், காற்று வேண்டும்.

கண்ணாடியைக் காலை 8 மணிக்கு முன், வெயில் படாதபோது துடைக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீருக்கு நாலு சொட்டு சோப்பு, ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. வெயிலில் துடைத்தால் சோப்புநீர் பாதியில் காய்ந்து கோடுகோடாக நிற்கும். அந்தக் கோடுகள் மாலை விளக்கில்தான் முழுதாகத் தெரியும்.

வேலை முடிந்ததும் உள்ளே நின்று பார்க்காதீர்கள். பகல் 11 மணிக்கு ஒரு முறை, மாலை 6.30-க்கு ஒரு முறை, எதிர்ச்சாரியில் போய் நின்று, பிறகு பக்கவாட்டில் 20 அடி தள்ளியிருந்து நடந்து வந்து பாருங்கள். பக்கவாட்டுப் பார்வையில் கண்ணாடியின் பிம்பம் 8 சதவீதத்தைத் தாண்டி இருமடங்காகும், வருகிறவர்கள் முதலில் பார்ப்பதும் அந்தக் கோணத்தில்தான். பொம்மையைக் கண்ணாடிக்கு நேராக நிறுத்தியிருந்தால், ஆள் அதிகம் வரும் பக்கம் 20 டிகிரி திருப்பிவிடுங்கள்.